உயிரோடு இருக்கிற போர்டு

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. முன்னறை முழுக்கக் கொடி கட்டி ஈரத்துணி, அதற்கு அடியில் என் மேஜை. மேஜையில் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு. காந்திபுரம் கடைகளில் 'பை' என்பார்கள், நானும் பை என்றே எழுதுகிறேன். மெமரி கார்டில் சிஸ்டம் ஏற்றியது பாதியில் நின்றுவிட்டது. இரண்டாவது கார்டு. அது ஏறியது. திரையில் எழுத்து வந்த பிறகுதான் டீ ஆறிப்போனது தெரிந்தது.

பயமாக இருக்கிறது. அதனால் எதற்கு இதெல்லாம் என்று எழுதி வைக்கிறேன்.

பெருந்துறை தாண்டி ஒரு ஹேட்சரி. கோழி முட்டைகளை மிசினில் வைத்துக் குஞ்சாக்கும் இடம். நடத்துவது ஈஸ்வரி அக்காவும் (இனி ஈ.அக்கா) அவர் வீட்டுக்காரர் பழனிசாமி அண்ணனும். அறை உயரத்துக்கு இரண்டு மிசின். சூடு, ஈரம், தட்டைச் சாய்த்துத் திருப்புவது, எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்வது பேனலுக்குள் இருக்கும் ஒரு போர்டு. போன வாரம் பெரிய இடி மழை பெய்த மறுநாள் காலை 1-ம் நம்பர் மிசினின் திரை இருட்டு. போர்டு செத்துவிட்டது. மிசின் செய்த கம்பெனியை மூடி வெகுநாள் ஆகிறதாம். போர்டு பழுது பார்ப்பவள் என்று யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

போர்டைக் கழற்றிக் கோயம்புத்தூருக்கே கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார் அண்ணன். கரண்டு வருகிற பாகம் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஓர் எட்டுக் கால் சிப், அதற்குள்தான் புரோகிராம். அதுதான் கலைந்துபோயிருக்க வேண்டும்.

அதே புரோகிராம் உலகத்தில் எனக்குத் தெரிந்து இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. 2-ம் நம்பர் மிசினில். அது ஓடிக்கொண்டிருக்கிறது. வயிறு நிறைய முட்டை. 1-ல் இருந்ததில் பாதியையும் அதற்குள்தான் திணித்திருக்கிறார்கள். மீதிப் பாதிக்கு ஹீட்டரைக் கையால் போட்டும் அணைத்தும், தட்டைக் கையால் திருப்பியும் புருஷனும் பெண்டாட்டியும் மாற்றி மாற்றிக் காவல்.

நான் செய்ய வேண்டியது: 2-ஐ அணைத்து, அதன் சிப்பின் கால்களைக் கவ்வுகிற கிளிப்பை மாட்டி, பை வழியாகப் படித்து, செத்ததில் எழுதுவது. SPI என்று ஒரு முறை. சிப்பும் பையும் பேசிக்கொள்ள நாலு ஒயர், சிப்புக்கு உயிர் கொடுக்க இரண்டு ஒயர். அவ்வளவுதான். ஓர் ஒயர் மாறினால் 2-ம் நம்பரும் போய்விடும்.

போனில் ஈ.அக்கா: "ரெண்டாவதும் போச்சுன்னா மூடிப்போட வேண்டியதுதானுங்க கண்ணு. பண்ணைக்காரங்க குஞ்சு வாரதுக்கு ஷெட்டெல்லாம் தேங்காநாரு பரப்பிப்போட்டு உக்காந்திருக்கறாங்க. இந்த பேட்ச் தவறுனா அவிய வேற எடம் பாத்துக்குவாங்க."

என் கணவன் ராஜனிடம் சொன்னேன். லேத் பட்டறையில் வேலை, எதற்கும் பதறாத மனுஷன். சாப்பிட்டுக்கொண்டே: "கேஸ மூடினயான்னு தெருமுனையில இருந்து திரும்பி வர்ற ஆளு நீ. உன்னைய நம்பியா முட்டையக் குடுத்தாங்க?"

சிரிப்பு வரவில்லை.

வாங்க: ஒயர் (குட்டை), கிளிப், ஸ்பிரிட், பஞ்சு, பால், ராஜனுக்கு ஷேவிங் பிளேடு.


நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். துணி பாதி காய்ந்தது.

பழைய ரவுட்டர் ஒன்றைப் பிரித்துப் பழகினேன். அதிலும் இதே மாதிரி எட்டுக் கால் சிப். அது போனால் யாரும் அழப்போவதில்லை.

முதலில் பை என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. SPI என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் ஒயரைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் செட்டிங்கில் ஒரு வரி, அதை நான் திறந்தே விடவில்லை. திறந்து, அணைத்துப் போட்டதும் வந்தது. சரி, முட்டாள்தனத்திலேயே இதுதான் நல்ல வகை, யாருக்கும் சேதமில்லை.

இரண்டாவது முட்டாள்தனம் அப்படி இல்லை. கிளிப்பைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். சிப்பின் முதல் காலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கும், கிளிப்பின் சிவப்பு ஒயர் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. லேசாக ஒரு வாசனை. விரல் வைத்தேன், சுட்டது. பிடுங்கினேன். ரவுட்டர் சிப் காலி.

கொஞ்ச நேரம் பின்கட்டில் போய் நின்றேன். அது 2-ம் நம்பராக இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. நினைத்தேன்.

பிறகு பீரோவில் இருந்த சிவப்பு நகப்பூச்சை எடுத்து, கிளிப்பின் முதல் கால் பக்கம் தடவினேன். கோயில் திருவிழாவுக்கு வாங்கியது. நகத்தில் போட்டதை விட இதில் நன்றாக இருக்கிறது.

இன்னொரு ரவுட்டர். இந்தத் தடவை படித்தது. ஒரு தடவை படித்தால் போதாது, இரண்டு பிரதி எடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் கம்ப்யூட்டர் ஒரு நீளமான அடையாள எண் போட்டுத் தரும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் படித்தது சரி. முதலில் ஒன்றாக இல்லை. வேகத்தைக் குறைத்து, ஒயரை இன்னும் குட்டையாக வெட்டியதும் ஒன்றானது. மறுபடி படித்தேன், ஒன்றே. மறுபடி. ஒன்றே. போதும் ஜெசிந்தா, விடு, என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் செத்த போர்டை விளக்கில் பார்த்தேன். சிப்பின் மேல் காய்ந்த சந்தனமும் குங்குமமும். இந்த ஊரில் எந்த மிசினைப் பார்த்தாலும் பொட்டு இருக்கும், மில்லானாலும் பட்டறையானாலும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். சிப்பின் கால்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது. ஹேட்சரி ஈரம். ஒரு காலைத் தொட்டேன், உடைந்து கையோடு வந்துவிட்டது. புது சிப் வேண்டும்.

காந்திபுரம் போய் வாங்கினேன். ஒரே நம்பர்தானா என்று கடைக்காரரிடம் மூன்று தடவை கேட்டேன். "அக்கா, மேல எழுதியிருக்குது பாருங்க" என்று பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டார். திரும்புகிற உக்கடம் பஸ்ஸில் குடையை விட்டுவிட்டேன். நல்ல குடை.


நவம்பர் 5, புதன்

காலை வெயில். மத்தியானத்துக்கு மேல் மேகம்.

பெருந்துறை. ஹேட்சரிக்குள் நுழைந்ததும் ஒரு வெதுவெதுப்பு, மருந்து வாசனை, காற்றாடிகளின் இரைச்சல். ஈ.அக்கா ஐம்பது வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க கண்ணு. ஊட்டுல ஒருவாய் சாப்ட்டுப்போட்டு அப்பறம் தொடுவீங்களாமா."

சாப்பிட முடியாது என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு இட்லி இறங்கியது, மூன்றாவது நின்றது.

அண்ணன் தனியாக வந்து சொன்னது: "அவ தூங்கியே நாளாச்சுங்க அம்மணி. வானம் லேசா உருமுனாப் போதும், எந்திரிச்சுப் போயி மிசினத் தொட்டுக்கிட்டு உக்காந்துக்கறா. நாந் தொட்டா இடி நிக்குமான்னு கேட்டா, பேசாம இருங்கன்னு என்னைய வையறா."

2-ம் நம்பரின் பேனலைத் திறந்தேன். அதே போர்டு. அதே எட்டுக் கால் சிப். அதன் மேல் சந்தனம், நடுவில் குங்குமம். காய்ந்து உதிர்கிற மாதிரி இல்லை, தடிப்பாக, ஈரப் பளபளப்போடு.

"இது நீங்க வெச்சதுங்களா?" என்று ஈ.அக்காவிடம் கேட்டேன்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெப்பனுங்க. அல்லாரும் கதவுல வெப்பாங்க. கதவு வெறுந் தகரந்தானுங்களே. மிசினுக்கு மூளை உள்ளதான இருக்குதுன்னு நானு மூளைக்கே வெச்சுப்போடுவேன். அது போனதுக்கப்பறம் இதுக்கு எச்சா வெச்சிருக்கறனுங்க."

துடைக்கட்டுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நெற்றியில் ஒன்றும் இல்லை, கழுத்தில் சிலுவை. வந்ததும் வராததுமாக வேதக்காரி ஒருத்தி சாமி பொட்டைத் துடைத்தாள் என்று ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டேன். கிளிப் பொட்டோடு சேர்த்துக் கவ்வியது.

மிசினை அணைத்தார்கள். காற்றாடிகள் நின்றதும் வந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. ஈ.அக்கா முன்பே சொல்லியிருந்தார், வளர்ந்த கரு உள்ள முட்டை தானே சூடு விடும், காற்றாடி இல்லாவிட்டால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும் என்று. அவர் கண்ணாடி வழியே தெர்மாமீட்டரைப் பார்த்தபடி நின்றார்.

ஒரு பிரதி. இரண்டாம் பிரதி. எண் வேறு.

வேகத்தைக் குறைத்தேன். மூன்றாவது. அதுவும் வேறு.

"ஏறுதுங்க கண்ணு."

கிளிப்பை எடுத்து மாட்டினேன். நாலாவது. வேறு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.

"கண்ணு, ஏறுதுங்க."

பிடுங்கிவிட்டு மிசினைப் போடச் சொன்னேன். அண்ணன் போட்டார். திரை இருட்டு.

இருட்டாகவே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஈ.அக்கா என் பக்கம் திரும்பவில்லை, திரையையே பார்த்தார். நான் உள்ளங்கையில் நகத்தை அழுத்திக்கொண்டு, மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு திரையில் எண் வந்தது. காற்றாடி சுழன்றது. அக்கா தலையை மிசின் கதவில் சாய்த்துக்கொண்டார்.

"நாளான்னிக்கு வாங்க, இன்னிக்கு வேண்டாம், முட்டை சித்த ஆறட்டும்" என்றார் அண்ணன். பஸ் ஏறும் வரை கூடவே வந்தார்.

பஸ்ஸில் யாரோ போனில்: "அந்த ரசத்துல புளி பத்துல, நாங் கேட்டனா இல்லையா?" அவினாசி வரை ரசம்தான். இப்படி ஒரு சண்டை எனக்கு வாய்க்கக் கூடாதா என்று பொறாமையாக இருந்தது.


நவம்பர் 6, வியாழன்

மழை. துணியைப் பற்றி இனி எழுதுவதில்லை.

காலையில் ஒயர், கிளிப், பை எல்லாவற்றையும் ரவுட்டரில் மறுபடி சோதித்தேன். எண் ஒன்றே. அப்படியானால் கோளாறு என் பக்கம் இல்லை. அங்கே என்ன வித்தியாசம்? அதே சிப். அதே வேகம். பொட்டு.

செத்த போர்டை எடுத்துப் பார்த்தேன். பச்சை பூத்த கால்கள் எவை? சிப்பின் ஒரு பக்கம் மட்டும். போர்டில் இருக்கும் வேறு எந்தச் சிப்பிலும் பச்சை இல்லை. ஈரம்தான் காரணம் என்றால் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். துடைப்பதற்கு முன்னால் பொட்டு எந்தப் பக்கம் வழிந்திருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். நினைவு இருக்கிறது. அதே பக்கம்.

தெருமுனைக் கடையில் சந்தனப் பொடி, குங்குமம். கடைக்காரர் பல வருஷமாக என்னை அறிந்தவர். ஒரு மாதிரி பார்த்தார். "வேலைக்குங்க" என்றேன். இன்னும் ஒரு மாதிரி பார்த்தார்.

குழைத்து, ரவுட்டர் போர்டின் சிப் மேல் வைத்தேன். உலர்ந்ததும் கரண்டு கசிகிறதா என்று மீட்டர் வைத்தால் ஒன்றும் இல்லை. இட்லிச் சட்டியில் அடியில் தண்ணீர், மேலே ஈரத்துணி, அதன் மேல் போர்டு, மூடி. ஹேட்சரி மிசினுக்குள் இருப்பது போல் வெதுவெதுப்பாக. மத்தியானம் எடுத்துப் பார்த்தேன். பொட்டு ஈரத்தைக் குடித்துப் பளபளவென்று இருந்தது. மீட்டர் வைத்தேன். காலுக்கும் காலுக்கும் நடுவே கரண்டு போகிறது.

எழுதி வைக்கிறேன்:

1-ஐக் கொன்றது இடி இல்லை.

மழைக்காலம், காற்றில் ஈரம், பொட்டு ஊறி, கால்களுக்கு நடுவே கசிந்து, சிப்பில் இருந்ததைக் கலைத்திருக்கிறது. இடி அன்றைக்கு வந்தது தற்செயல்.

2-லும் அதே பொட்டு. 1-ல் இருந்ததை விடத் தடிப்பு.

நாளை வெள்ளிக்கிழமை.

ராஜன் வந்ததும் சொன்னேன். சட்டையைக் கழற்றாமலே கேட்டான். "சொல்லிர வேண்டியதுதான?"

"எப்படிச் சொல்றது?"

"வாயால."

"விளையாடாத. அவங்க பக்தியா வெச்சது. நீங்கதான் கொன்னீங்கன்னு எப்படிச் சொல்றது. அதுவும் நானு."

"நீ சொல்லலைன்னா ரெண்டாவதும் போகும். அப்புறம் சொல்லுவயா?"

போன் செய்தேன். மணி அடிக்கும்போதே வாக்கியத்தைத் தயார் செய்தேன். நன்றாகவே இருந்தது வாக்கியம். அவர் "சொல்லுங்க கண்ணு" என்றதும் போய்விட்டது.

"அக்கா, நாளைக்குக் காலைல வரேங்க. நான் வர்ற வரைக்கும் பேனல யாரும் தொறக்க வேண்டாங்க."

"பூசை இருக்குதுங்களே. இந்த நேரத்துல போயி நிறுத்தறதுங்களா?"

"நான் வந்ததும் பண்ணிக்கலாங்க."

"செரி, சித்த வெரசா வாங்க. இங்க வானம் மூடிக்கெடக்குது, எனக்கு ஒரு நெலையாவே இல்லீங்க."

வைத்துவிட்டேன். சொல்லவில்லை. கோழை. ராஜன் தோசைக்குச் சட்னி அரைத்தான், மிக்ஸி சத்தத்தில் பேச வேண்டியிருக்கவில்லை, அதற்கு நன்றி.


நவம்பர் 7, வெள்ளி

விடியும்போதே மழை. முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கருமத்தம்பட்டிக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்று, பஸ் நகரவே இல்லை. மடியில் பையும் ஒயரும் புது சிப்பும். ஈ.அக்காவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அண்ணனும் எடுக்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெண், "ஆசுபத்திரிக்குங்களா?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது. ஆமாம் என்றேன். பொய்தான், ஆனால் விளக்க முடியாது. "வெசனப்படாதீங்க, செரியாயிரும்" என்று ஒரு மிட்டாய் கொடுத்தார்.

ஹேட்சரி வாசலிலேயே ஊதுவத்தி வாசனை.

ஓடினேன். 2-ம் நம்பர் முன்னால் ஸ்டூல் போட்டு ஈ.அக்கா ஏறி நிற்கிறார். பேனல் திறந்திருக்கிறது, பூசை நேரம் தவறுமென்று எனக்காகக் காத்திருக்கவில்லை போல. இடது கையில் சந்தனக் கிண்ணம். வலது கை மோதிர விரலில் சந்தனம் சொட்ட, விரல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. மிசின் ஓடிக்கொண்டிருக்கிறது.

மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கெட்டியாக. கிண்ணம் ஆடியது.

"என்னங்க அம்மணி" என்றார் அண்ணன். குரலில் கோபம்.

பிறகு எல்லாம் வரிசையில்லாமல் சொன்னேன். இட்லிச் சட்டியிலிருந்து ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். பச்சை பூத்த கால், மீட்டர், ஈரம் குடிக்கிற சந்தனம். செத்த போர்டைக் கொண்டுவந்திருந்தேன், காட்டினேன். அக்காவின் கையை விட மறந்து, பிடித்துக்கொண்டே பேசினேன். மன்னிச்சுக்குங்க என்று எத்தனை தடவை சொன்னேனோ.

அண்ணன்: "இடி உழுந்தத ஊரே பாத்துதுங்க. தென்னமரம் ரெண்டாப் பொளந்து நிக்குது. நீங்க பொட்டச் சொல்றீங்களா? தலமொற தலமொறயா வெக்கறதுங்க."

"நீங்க சும்மா இருங்க" என்றார் அக்கா. ஸ்டூலிலிருந்து இறங்கினார். என் முகத்தைப் பார்த்தார். "அப்ப இடி இல்லீங்களா?"

"இல்லீங்கக்கா."

"நெசமாவுங்களா?"

"நெசமாங்க. கரண்டு வர்ற பாகம் எல்லாம் நல்லா இருக்குது. இடின்னா அதுதான் மொதல்ல போகும்."

"நாந்தான்."

அவர் காலி முட்டைத் தட்டு அடுக்கின் மேல் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். என்னை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"இடின்னா நானு என்ன செய்ய முடியுமுங்க கண்ணு? ஆரக் கேக்கறது? தெனமும் வானத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். இது என்ர கைதானுங்க. கைய நானு கட்டிப்போட முடியும்."

அண்ணன் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பொட்டைத் துடைக்க வேண்டும் என்றேன், தயங்கித் தயங்கி. மிசினை அணைத்தார்கள். அக்கா ஸ்பிரிட் பஞ்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நாந்தான வெச்சது, நானே எடுக்கறனுங்க." ஸ்டூலில் ஏறி, ஒவ்வொரு காலாக, குழந்தைக்குக் கண் மை துடைப்பது போலத் துடைத்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு காலில் பச்சை ஆரம்பித்திருந்தது. இன்னும் கெட்டுப்போகவில்லை.

கிளிப். நகப்பூச்சுப் பக்கம் புள்ளிப் பக்கம். பார்த்தேன், மறுபடி பார்த்தேன், அக்காவையும் பார்க்கச் சொன்னேன். "செவப்பு புள்ளிக்கு நேராத்தான் இருக்குதுங்க" என்றார்.

ஒரு பிரதி. இரண்டாம் பிரதி. அடையாள எண்களை மேலும் கீழும் வைத்து ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். ஒன்றே. மூன்றாவதும் எடுத்தேன். ஒன்றே. அண்ணன் தெர்மாமீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏறுது, ஆனா மோசமில்ல" என்றார்.

2-ஐப் போட்டோம். திரை உடனே வரவில்லை. புதன்கிழமையும் இப்படித்தான் இருந்தது, அது எழுந்திருக்கும் விதமே அப்படி என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் பிடித்த கதவு நிலையை நான் விடவில்லை. வந்தது.

1-ம் நம்பர் போர்டில் புது சிப்பை வைத்து, எழுதினேன். எழுதி முடித்ததும் பை தானே திரும்பப் படித்துப் பார்த்து, சரி என்றது. நானும் தனியாகப் படித்துப் பார்த்தேன், எண் ஒன்றே. போர்டை மாட்டி, சுவிட்சைப் போட என் கை போகவில்லை. "நீங்க போடுங்க அண்ணா" என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா போட்டார்.

திரையில் எண். காற்றாடி. தட்டுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன.

நான் வெளியே போய் பைப்பில் முகம் கழுவினேன்.

உள்ளே வந்தால் அக்கா மறுபடி கிண்ணத்தோடு நிற்கிறார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் கிண்ணத்தை அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு கேட்டார்: "கதவுல வெக்கலாங்களா?"

"வெக்கலாங்க."

வைத்தார். "மோட்டார் மூடி மேல?"

"வெக்கலாங்க."

"பேனலுக்கு வெளிய?"

"வெளிய எங்க வேணும்னாலும் வெக்கலாங்கக்கா."

கடைசியில் என் பையைக் காட்டி, "பாவம், இதுதான பாடுபட்டுது. இதுக்கு?"

பிளாஸ்டிக் மூடியைப் போட்டுத் திருகி, அதன் மேல் வைக்கச் சொன்னேன். பொட்டு உலரும் வரை ஜாக்கிரதையாகக் கையில் பிடித்தபடியே கோயம்புத்தூர் வந்தேன். ராஜன் பார்த்துவிட்டு, "பொட்டு வெச்சாச்சு, இதுக்கு எப்பப் பேரு வெக்கப் போறே?" என்றான்.


நவம்பர் 9, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போய் வந்தேன். செருப்பு வார் அறுந்தது. மத்தியானம் தூங்கினேன், இத்தனை நாள் தூங்காததையும் சேர்த்து.

நேற்று முழுக்கப் போன் வருமோ என்று பயம். மறுபடி திரை இருண்டது என்று வரும், முட்டை வெந்துவிட்டது என்று வரும், எண் தப்பாகப் பார்த்துவிட்டாய் என்று யாராவது சொல்வார்கள். மூன்று பிரதியையும் மறுபடி திறந்து ஒப்பிட்டேன். ஒன்றே. வரவில்லை போன்.

இன்று சாயங்காலம் வானம் கிழக்கே கறுத்து, நல்ல மின்னல். பெருந்துறைப் பக்கம்தான். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பெரிய இடிக்குப் பிளக்கை எல்லாம் பிடுங்கினேன். இரண்டாவதுக்குப் போன் அடித்தது. ஈ.அக்கா. எடுக்கப் பயந்து, ராஜனிடம் நீட்டி, அவன் வாங்கவில்லை, எடுத்தேன்.

பின்னால் மழை இரைச்சல், அதற்குள் சின்னச் சின்னதாக ஏகப்பட்ட கீச்சுச் சத்தம்.

"மொதல்ல வெச்ச தட்டுல பொரிக்க ஆரம்பிச்சிருச்சுங்க கண்ணு, கேக்குதுங்களா?"

கேட்டது.

"இங்க இடி நெம்ப இடிக்குது. ரெண்டு மிசினும் ஓடுது. நானு படுக்கப் போறனுங்க, நீங்களும் படுங்க."